தண்ணீருக்குத் தேதி கிடைக்கவில்லை

நெல்லியோடை அணையில் தண்ணீர் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் மழை பொய்த்துவிட்டதாக்கும் என்று வானத்தைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வானத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அணை தளும்பத் தளும்ப நின்றது. ஷட்டர் இருந்தது. ஷட்டரைத் தூக்குகிற கைப்பிடி இருந்தது. கைப்பிடியைத் திருகுவதற்கென்றே மிக்கேல் என்கிற லஸ்கர் இருபத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அணையிலிருந்து வாய்க்கால் இறங்கியது, வாய்க்காலின் கடைசியில் சுருளியாண்டியின் ஒன்றரை ஏக்கர் வயல் காய்ந்து கிடந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். விழாவுக்குத் தேதி.

வருடாவருடம் ஜூன் முதல் வாரம் தண்ணீர் வந்துவிடும். இந்த வருடம் 'விவசாயப் பெருமக்கள் நாற்றுப் பாவி ஆயத்தமாக இருக்கவும்' என்று ஆட்டோவில் குழாய் கட்டித் துறையே சொல்லிக்கொண்டு போனது. அதை நம்பிச் சுருளியாண்டி விதை தெளித்து நாற்றுப் பாவினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அவர் ஆட்டோவில் வருகிற குரல்களை நம்பியே பழகிவிட்டார். நாற்றங்காலை நனைக்கப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து ரெக்ஸ் தன் கிணற்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் மோட்டார் போட்டுவிட்டார். நாற்றங்காலுக்கு அது போதும். வயலை உழுது சேறாக்கி நடவேண்டுமானால் வாய்க்கால் தண்ணீர்தான் வேண்டும். இருபத்தைந்து நாளில் பிடுங்கி நட்டால் அது பயிர். முப்பதைத் தாண்டினால் முற்றல். நாற்பதைத் தாண்டினால் அதற்கு நாற்று என்று பெயரே கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். துறைக்குத் தெரியாது.

நாற்றுக்குப் பத்தொன்பதாவது நாள், சுருளியாண்டி மிக்கேலிடம் போய் நின்றார்.

"ஏண்ணே, ஷட்டரத் தூக்கிவிட்டா என்ன?"

"தூக்க எனக்கு அஞ்சு நிமிசம் ஆகும் சுருளி," என்றார் மிக்கேல். "அதுக்குப் பெறகு என்னையத் தூக்கிப் போட அவுகளுக்கு ஒரு நிமிசங்கூட ஆகாது. ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு மாசம் கெடக்கு. நீ தேனிக்குப் போயிக் கேளு. இப்பப் புதுசா ஒரு ஆபீசு போட்டிருக்காகள்ல, அங்கன."

புது ஆபீசின் பெயர் பாசன விழாக் கோட்டம். மூன்று மாடி. வாசலில் செயற்கைப் பூவால் வளைவு, உள்ளே போகிறவர்கள் மேல் பன்னீர் தெளிக்க ஒரு ஊழியர், நெற்றியில் சந்தனம் வைக்க இன்னொருவர். சுருளியாண்டிக்கு யார் வீட்டுக் கல்யாணத்திலோ வழி தவறி நுழைந்துவிட்டோமோ என்று பயம் வந்துவிட்டது. இளநிலைப் பொறியாளர் திரிஷா என்கிற பெண் அவரை உட்காரச் சொன்னார். நல்ல பெண். மரியாதை தெரிந்த பெண். அதுதான் பிறகு பெரிய தொந்தரவாகப் போயிற்று.

"தண்ணி எப்ப மேடம் விடுவீக?"

"தண்ணியெல்லாம் நாங்க விடுறதில்லண்ணே. அது பழைய துறை. நாங்க தெறந்து வைக்கிறது மட்டுந்தான்."

"ரெண்டும் ஒண்ணுதான தாயி?"

திரிஷா பதறிப்போய்ச் செயற்பொறியாளர் தமிழ்மாறனின் அறைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். தமிழ்மாறனின் நாற்காலிக்குப் பின்னால் பொன்னாடைகள் மடித்து அடுக்கிய பீரோ ஒன்று இருந்தது. கோப்புகள் தரையில் கிடந்தன. அவர் அணையை ஒருதரம் கூட நேரில் பார்த்ததில்லை, ஆனால் அணையின் வரவேற்பு வளைவை எட்டுத் தரம் பார்த்திருக்கிறார்.

"பெரியவரே, தண்ணியை எந்த மடையனும் விட்டுடலாம்," என்று அவர் அன்பாகத் தொடங்கினார். "மேட்டுலேருந்து பள்ளத்துக்கு ஓடுறது அதோட புத்தி. அதுல நமக்கு என்ன பெருமை இருக்கு? திறந்து வைக்கிறதுதான் நாகரிகம். முதல்ல நீங்க வகையைத் தெரிஞ்சுக்கணும். ஒரு மைக் இருந்தா அது நிகழ்வு. ரெண்டு மைக், ரெண்டு மாலைன்னா நிகழ்ச்சி. நாலு மைக், குத்துவிளக்கு, வளைவு இருந்தா விழா. யானை வந்துச்சுன்னா வைபவம்."

சுருளியாண்டி யோசித்துப் பார்த்தார். "மைக்கே இல்லாம மிக்கேலண்ணன் மட்டும் போயித் தெறந்துவிட்டா அது என்ன சார்?"

தமிழ்மாறன் முகத்தில் அருவருப்பு வந்தது. "அது வேலை," என்றார். "அதுக்கு நம்ம கோட்டத்துல பணியிடம் கிடையாது."

"நாத்து முத்திப்போகும் சார்."

"அதேதான் நானும் சொல்றேன். அவசரத்துல செஞ்சா அது சடங்காப் போயிடும். சடங்குன்னா அர்த்தம் தெரியாம செய்யறது. சம்பிரதாயம்னா அர்த்தம் கேக்காம செய்யறது. விழாங்கறது அர்த்தமே தேவைப்படாதது. இருக்கறதுலேயே அதுதான் உசத்தி. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. முப்பது வருடம் சம்பளம் கொடுத்த நமக்குத்தான் கலங்கியிருக்க வேண்டும், அது வேறு விஷயம். கடைசியில் அவர், மாண்புமிகு அமைச்சர் தேதி கொடுத்தவுடன் விழா என்றும், மேடையில் நன்றி சொல்ல ஒரு பயனாளி தேவைப்படுவதாகவும், சுருளியாண்டியின் முகம் அதற்குத் தோதாக இருப்பதாகவும் சொன்னார். தான் சம்மதித்தால் தண்ணீர் சீக்கிரம் வரும் என்று நினைத்துச் சுருளியாண்டி தலையை ஆட்டிவிட்டார். பாவம், அந்த ஒரு ஆட்டு ஆட்டியதுதான் வினையாயிற்று.

இருபத்துநான்காவது நாள் ஒத்திகை. மறுநாள் நடவு நடந்திருக்க வேண்டிய சமயத்தில் சுருளியாண்டி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையில் நின்றார். தண்ணீர் திறந்ததும் அது வாய்க்காலில் ஓடி வரும், அதைப் பார்த்து அவர் கைகூப்பி ஆனந்தப்பட வேண்டும். ஒத்திகைக்குத் தண்ணீர் கிடையாது என்பதால், இரண்டு ஊழியர்கள் ஒரு நீலத் தார்ப்பாயின் முனைகளைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலுக்குள் அணைப் பக்கமிருந்து ஓடி வந்தார்கள். தார்ப்பாய்தான் தண்ணீர்.

"மகிழ்ச்சி பத்தல," என்றார் தமிழ்மாறன். "மறுபடி ஓடுங்கப்பா."

தார்ப்பாய் ஏழு தரம் வந்தது. ஐந்தாவது தரம் ஓர் ஊழியர் கல் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அதற்குள் சுருளியாண்டிக்கு உண்மையிலேயே பழகிவிட்டது, நீலம் தெரிந்தவுடனே கை தானாகக் குவிந்தது. கரையில் நின்ற அவருடைய மனைவி அக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏய்யா, வெவசாயத்துக்கு வந்தமா, கூத்துக் கட்ட வந்தமா?"

"சும்மா இருத்தா. அவுக சொன்னபடி செஞ்சாத்தான் தண்ணி தருவாக."

"அவுகளுக்கு ஒங்க ஆத்தா அப்பன் சொத்தா எழுதிக் குடுத்தாக, அவுக தர்றதுக்கு?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கோட்டத்தில் நியாயமான கேள்விகளை வாங்குவதற்கு ஜன்னல் வைக்கவில்லை.

இருபத்தெட்டாவது நாள் விடியற்காலையில், மலையில் கொட்டிய மழையின் அழுத்தம் தாங்காமல், அணையின் பழைய ஷட்டர் இரண்டு விரல்கடை தானாக விலகிக்கொண்டது. தண்ணீர் யாரிடமும் கேட்காமல் வாய்க்காலில் வந்துவிட்டது. மாலை இல்லை, மைக் இல்லை, வெட்கமில்லாமல் வந்தது. சுருளியாண்டி அதைப் பார்த்ததும் கைகூப்பவில்லை, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பவர் டில்லரை இறக்கினார். பத்து மணிக்குள் முக்கால் ஏக்கர் சேறாகிவிட்டது. அக்கம்மாள் நடவாட்களுக்குச் சொல்லிவிட்டாள். முழுதாக நாலு மணி நேரம் அந்தக் குடும்பம் சந்தோஷமாக இருந்தது.

பத்தரைக்கு மூன்று ஜீப் வந்தது.

"யாரைக் கேட்டு வந்துச்சு இந்தத் தண்ணி?" என்றார் தமிழ்மாறன்.

"அதத்தான் சார் கேக்கணும்," என்றார் மிக்கேல்.

தமிழ்மாறன் ஜீப்பின் படியில் ஏறி நின்று, கூடியிருந்த விவசாயிகளுக்கு விளக்கம் கொடுத்தார். "இது திறந்து வைக்கப்படாத தண்ணீர். முறைப்படி பார்த்தா இது இன்னும் வரவே இல்லை. வராத தண்ணியில நீங்க எப்படி உழலாம்? பின்னால மாண்புமிகு வந்து திறக்கறப்ப வாய்க்கால்ல ஏற்கெனவே தண்ணி ஓடிக்கிட்டிருந்தா அவர் எதைத் திறந்து வைக்கிறது? அவருக்கு எவ்வளவு சங்கடம்? ஒரு பத்து நிமிஷம் அவரோட நிலைமையில இருந்து யோசிச்சுப் பாருங்க."

விவசாயிகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்தும் பார்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு நல்லவர்கள்.

மணல் மூட்டை போட்டு ஷட்டரை அடைத்தார்கள். நாலு டீசல் இன்ஜின் வைத்து வாய்க்கால் தண்ணீரை இறைத்து ரோட்டோரப் பள்ளத்தில் விட்டார்கள். மிச்சம் தங்கியதைச் சாக்கு வைத்துத் துடைத்தார்கள். மிகைப்படுத்தவில்லை, வாய்க்காலைத் துடைத்தார்கள். அப்புறம் சுருளியாண்டியின் வயல் வரப்பை வெட்டி அந்த முக்கால் ஏக்கர் சேற்றையும் வடித்தார்கள், ஏனென்றால் திறப்புக்கு முந்தைய படத்தில் வயல் வெடித்துக் கிடக்க வேண்டும் என்று விழாக் கையேட்டில் இருக்கிறது.

அக்கம்மாள் வெட்டிய வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். "வந்த தண்ணியத் தொரத்திவிடுறீகளே, ஒங்க வீட்டு ஒலையில கொதிக்கிற சோத்த இப்படி யாராச்சும் சாச்சுவிட்டா சும்மா இருப்பீகளா?"

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார் தமிழ்மாறன். "அந்த உணர்ச்சியை அப்படியே விழா அன்னைக்கு வரைக்கும் வச்சிருங்க. மேடையில பிரயோஜனப்படும்."

அதன் பிறகு தேதி மூன்று தரம் கிடைத்து மூன்று தரம் போயிற்று. முதல் தேதியில் மாண்புமிகுவின் மைத்துனர் வீட்டில் காதுகுத்து. இரண்டாவது தேதிக்கு அழைப்பிதழில் ஒன்றியத் தலைவர் ஒருவரின் பெயர் மற்ற பெயர்களைவிட ஒரு நூல் சின்னதாக விழுந்துவிட்டது. நாற்பத்திரண்டு பெயர்களையும் ஒரே அளவில் போட்டுப் பார்த்தார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லாப் பெயரையும் மற்ற எல்லாப் பெயரையும் விடப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். அச்சகக்காரர் கடையைச் சாத்திவிட்டுக் குமுளிக்குப் போய்விட்டார். மூன்றாவது தேதிக்கு எல்லாம் சரியாக இருந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பதாலேயே சந்தேகப்பட்டுத் தள்ளி வைத்தார்கள்.

முப்பத்துநாலாவது நாள் சுருளியாண்டி ஒரு கோரிக்கையோடு திரிஷாவிடம் போனார். அதை எழுதிக்கொடுத்தவர் ரெக்ஸ், ஆனால் அதில் இருந்த தாழ்மை முழுக்கச் சுருளியாண்டியுடையது.

"மேடம், ஒரு ரெண்டு நாளு மட்டும் தண்ணி விட்டுட்டு மூடிக்கங்க. நட்டுக்கிடுறோம். விழா அன்னைக்கு மறுபடியும் தெறங்க. நான் மொதத் தடவையாப் பாக்குற மாதிரியே சந்தோசப்படுறேன். சத்தியமா யாருக்கும் தெரியாது."

திரிஷா மனுவைப் படித்துப் பார்த்தார். "பாவமா இருக்குண்ணே," என்றார். நிஜமாகவே அவருக்குப் பாவமாக இருந்தது. அதனால் மனுவை அன்றைக்கே மேலே அனுப்பினார். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. 'பயனாளி தமது மகிழ்ச்சியை விழாவுக்கு முன்பே பயன்படுத்திக்கொள்ள விதியில் இடமில்லை.' கீழே தமிழ்மாறனின் கையெழுத்து, அதற்குக் கீழே விழா முத்திரை, அதில் இரண்டு குத்துவிளக்குகள்.

சுருளியாண்டி தினமும் காலையில் நாற்றங்காலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். நாற்று முழங்கால் வரைக்கும் வளர்ந்து, கணு விட்டு, நுனி பழுக்கத் தொடங்கியது. அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். நாற்பதாவது நாளன்று போகவில்லை.

நாற்பத்துநாலாவது நாள் விழா நடந்தது. அணைக்கரையில் பந்தல், சீலையம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறையச் செவ்வந்தி, வாடகைக்கு யானை. விழாதான் திட்டம், கடைசி நேரத்தில் யானை கிடைத்துவிட்டதால் வைபவமாக உயர்த்திவிட்டார்கள். மாண்புமிகு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தார். அதற்குள் மேடைக்கு அடியில் நிழல் தேடிப் படுத்த நாயைத் தவிர எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. போர்த்தியவர்களுக்கும் போர்த்தப்பட்டவர்கள் திருப்பிப் போர்த்தினார்கள்.

தமிழ்மாறன் வரவேற்புரை ஆற்றினார். "இந்த விழா இவ்வளவு சிறப்பா அமையறதுக்கு நாம பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்ல. இடையில தண்ணி தானா வந்து விழாவைக் கெடுக்கப் பார்த்துச்சு. நம்ம பொறியாளர்கள் இரவு பகல் பாராம உழைச்சு அதை வெற்றிகரமாத் தடுத்தாங்க. ஒரு சொட்டு தண்ணி கூட வயலுக்குப் போகாம பாதுகாத்து, அப்படியே உங்க கையில ஒப்படைக்கிறேன் ஐயா."

மாண்புமிகு உருகிவிட்டார். "தண்ணீர் இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம்," என்றார். கூட்டம் கொஞ்சம் அசைந்தது. "விழா இல்லாமல் ஒரு அரசு வாழ முடியாது. நான் இந்த மாதத்தில் மட்டும் அறுபது திறந்து வைத்திருக்கிறேன். எதைத் திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை. திறந்தது மட்டும் நினைவிருக்கிறது. அதுதான் மக்கள் தொண்டு."

மேடை ஓரத்தில் திரிஷா ஓர் அட்டையை வைத்திருந்தார். ஒரு பக்கம் 'கைதட்டவும்', மறுபக்கம் 'போதும்'. ஏழு பேர் பேசி முடித்த பிறகு பயனாளியைக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்திருந்த நன்றியுரையைச் சுருளியாண்டி மடித்து மடியில் செருகிக்கொண்டார். மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் கும்புடுறேன்," என்றார். "எனக்கு மேடையில பேசத் தெரியாது. நாத்துப் பாவி இன்னைக்கு நாப்பத்தி நாலு நாளாச்சு. நாத்து செத்துப்போச்சு."

அட்டை உயர்ந்தது. கூட்டம் கைதட்டியது.

"தண்ணி எங்க வயலுக்குத் தானா வந்துச்சு. வந்தத நீங்க தொடச்சு எடுத்துட்டுப் போனீக. இந்தப் போகம் எங்களுக்கு இல்ல. பிள்ளைக்குக் காலேசு இருக்கு, சாப்பாடு இருக்கு, எல்லாத்துக்கும் இந்த வயல்தான். இதச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல."

அட்டை மறுபடி உயர்ந்தது. இந்த முறை இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மாண்புமிகு எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்து, "எளிய மக்களின் நன்றியில் இருக்கிற நேர்மை நம்மிடம் இல்லை," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். சுருளியாண்டி மேடையை விட்டு இறங்கினார். என்ன சொன்னோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கைப்பிடியில் பதினொரு பேர் கை வைத்தார்கள். திருகியது மிக்கேல். படத்தில் அவருடைய முழங்கை மட்டும் தெரிகிறது. தண்ணீர் பாய்ந்தது, வேன் செவ்வந்தியையும் அதன் தலையில் கொட்டினார்கள். அத்தனை பூவும் நேராகப் போய் வாய்க்காலின் கம்பி வலையில் அடைத்துக்கொண்டது. கார்களெல்லாம் போன பிறகு மிக்கேல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பூவை வாரி வெளியே போட்டார். அதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

நாற்பத்தாறாவது நாள் தண்ணீர் சுருளியாண்டியின் வயலுக்கு வந்தது. அழுகிய பூ நாற்றத்தோடு, வரப்பு வரைக்கும் நிறைந்து நின்றது. அவர் கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அழுகை வந்தது, அழுதார். மறுபடி பாவி, வளர்த்து, நடுவதற்குள் பருவம் போய்விடும். யாரைத் திட்டுவது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

மதியம் ஜீப்பில் திரிஷா வந்து இறங்கினார். கையில் ஒரு படிவம். 'தண்ணீரை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்து, கீழே கோடு போட்டிருந்தது.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள பயனாளி கையெழுத்துப் போகலைன்னா விழா முடிஞ்சதா ஆகாது. ஃபைலை மூட முடியாம சார் ரொம்ப சிரமப்படுறாக."

சுருளியாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினார். அக்கம்மாள் குறுக்கே வந்து படிவத்தை வாங்கிக்கொண்டாள்.

"கையெழுத்துத்தான தாயி, போட்டுருவோம். ஆனா இப்படி வரப்புல நின்னு போட்டா அது வேலையாப் போயிரும்ல? கையெழுத்துத் தொவக்க விழான்னு ஒண்ணு வைக்கணும். பேனா மூடியத் தெறந்து வைக்க ஒரு பெரிய மனுசர் வரணும். பந்தல் போடணும், நாலு மைக்கு வைக்கணும். அவருக்குத் தேதி கெடைக்கிற வரைக்கும் மை பேனாவுக்குள்ளயே கெடக்கட்டும். ஒங்க சாரும் கொஞ்ச நாளு பொறுத்துக்கிடட்டும்."

திரிஷா கோபப்படவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. பையிலிருந்து டைரியை எடுத்தார்.

"நல்ல யோசனைக்கா. இவ்வளவு நாளா எங்க கோட்டத்துல யாருக்குமே தோணல பாருங்க. அடுத்த மாசம் பதினாலாம் தேதி சரிப்படுமா? அழைப்பிதழ்ல உங்க பேரை அண்ணன் பேருக்கு மேல போடவா, கீழ போடவா?"

அக்கம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். சொன்னது எங்கேயாவது போய்ச் சுட்டிருக்கிறதா என்று தேடினாள். எங்கேயும் சுடவில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்றங்கால் படலைத் திறந்து, மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருந்த ரெக்ஸ் வீட்டு மாடுகளை உள்ளே பத்திவிட்டாள்.

"எந்தத் தேதினாலும் போட்டுக்க தாயி," என்றாள். "மாடு தின்னு முடிச்சுட்டா எங்களுக்கு வயல்ல ஒரு சோலியும் இல்ல."

திரிஷா டைரியில் பதினாலாம் தேதியைக் குறித்துக்கொண்டார்.